நான் தட்டவில்லை, கேப்டன்

விமானம் ஓடுதளத்தில் வேகமெடுக்கத் தொடங்கிவிட்டால் காக்பிட்டை அழைக்கக் கூடாது என்று உங்களுக்குப் பயிற்சியில் சொல்லியிருப்பார்கள். எங்களுக்கும் அப்படித்தான் சொன்னார்கள். அந்தச் சில நொடிகளில் விமானிகளின் கண், காது, கை எல்லாம் ஒரே வேலையில் இருக்கும். நடுவில் ஒலிக்கும் இன்டர்காம் மணிகூட அவர்களைக் கலைத்துவிடும். சரியான விதி அது. உயிருக்கு ஆபத்து என்றால் மட்டும் அதற்கு ஒரு விலக்கு உண்டு. ஓய்வு பெறும்வரை அந்த விலக்கைப் பயன்படுத்தும் நிலை எனக்கு ஒரு தடவைதான் வந்தது. விமானப் பணிப்பெண்களாகப் புதிதாகச் சேர்ந்த பிள்ளைகள் என்னைப் பார்க்க வரும்போதெல்லாம் யாராவது ஒருவர் அதைக் கேட்டுவிடுகிறார். வாய்க்கு வாய் மாறிப் பேய்க்கதையாகிப்போன ஒன்றை, நடந்தது நடந்தபடி எழுதிவிடலாம் என்று தோன்றியது.

இரண்டாயிரத்துக்குப் பிறகான வருடங்கள். கோவில்பட்டிக்குத் தெற்கே கரிசல் காட்டுக்குள் ஒரு சிறிய விமான நிலையம். பெயர் வேண்டாம். சென்னைக்கு மத்தியானம் ஒரு சிறிய விமானம் போகும். இறக்கையில் புரொப்பல்லர் சுற்றும் வகை. ஓடுதளம் நீளம் குறைவு. அது முடிகிற இடத்தில் கம்பிவேலி, அதற்கு அப்பால் வெடித்துக் கிடக்கும் கறுப்பு மண், உடைமரம். வேறு ஒன்றும் கிடையாது.

அந்த விமானத்தின் அமைப்பைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். இன்றைய பெரிய விமானங்களில் சரக்கு காலுக்குக் கீழே போகும். அதில் அப்படி இல்லை. முதலில் காக்பிட், அதற்குப் பின்னால் சரக்கு அறை, அதற்கும் பின்னால் பயணிகள். சரக்கு அறையின் ஓரமாக ஆள் ஒருவர் நடக்கும் அளவுக்கு இடைவழி. விமானிகள் அதன் வழியாகத்தான் வந்து போவார்கள். சரக்கு அறைக்கும் பயணிகளுக்கும் நடுவில் பலகைத் தடுப்பும் ஒரு கதவும். என் மடக்கு இருக்கை அந்தத் தடுப்பில்தான் பொருத்தப்பட்டிருந்தது. நான் பயணிகளைப் பார்த்து உட்கார்ந்தால், என் முதுகுக்குப் பின்னால் இரண்டு விரல்கடை தள்ளிச் சரக்கு இருக்கும்.

அன்று அங்கே ஒரு சவப்பெட்டி இருந்தது.

உடல்களை ஏற்றிச் செல்வது நம் தொழிலில் அதிசயமில்லை. பயணிகளிடம் சொல்ல மாட்டோம், அவ்வளவுதான். உள்ளே துத்தநாகத் தகடு வைத்துப் பற்றவைத்து மூடி, வெளியே மரப்பெட்டி அடித்து, மருத்துவர் சான்றிதழோடு வந்திருந்தது. கூடப் போகிறவர் முதல் வரிசையில் என் எதிரே உட்கார்ந்திருந்தார். ஐம்பத்தைந்து வயதிருக்கும். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை. சட்டைப்பையில் கைபேசி. அவர் பெயர் பவுன்ராஜ். கோவில்பட்டியில் தீப்பெட்டித் தொழிற்சாலை வைத்திருப்பவர்.

பெல்ட்டைப் போட்டுவிடக் குனிந்தபோது மெதுவாகக் கேட்டார்.

“எம்மா, அவன் இருக்க இடத்துல காத்து வருமா?”

“வரும் அண்ணாச்சி” என்றேன்.

என்னை நிமிர்ந்து பார்த்தார். “நம்மூருப் பேச்சா இருக்கே. எந்த ஊரு நீ?”

“கழுகுமலை.”

“அப்படியா” என்றவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். பிறகு நான் கேட்காமலே சொல்லத் தொடங்கினார். செத்துப்போனவன் பெயர் ஹரிபதோ. வங்காளத்துக்காரன். அண்ணாச்சி தொழிற்சாலைக்கு வாங்கிய இயந்திரத்தைப் பூட்டிக்கொடுக்க அதோடு கூடவே வந்தவன், திரும்பிப் போகவில்லை. “அரி, அரின்னுதான் கூப்பிடுவேன். கல்யாணம் காச்சி ஒண்ணும் பண்ணிக்கிடல. எங்கூடவே சாப்பிட்டான், எங்கூடவே சண்டை போட்டான். முந்தாநாள் மத்தியானம், தலை சுத்துதுன்னு பின்னால ரூமுக்குப் போனான். போய்ப் பாக்கேன், படுத்துக் கிடக்கான். தொட்டா சூடா இருந்தாம்மா. நல்ல சூடு.” அதை இரண்டு முறை சொன்னார். “ஆஸ்பத்திரியில அரை நிமிசம் பாத்துட்டு, போயிட்டாருன்னு சொல்லிட்டாக. அப்புறம் ஒடம்பு கெடாம இருக்க மருந்து ஏத்தணும்னு உள்ள கொண்டு போனவிய என்னைய வெளிய நிறுத்திட்டாக. பெட்டியாத்தான் திருப்பிக் குடுத்தாக.”

அவன் தாய் கல்கத்தாவுக்கு அப்பால் ஏதோ கிராமத்தில் இருந்தாள். போனில் பேசியிருக்கிறார். “அவிய பேசுனது ஒரு வார்த்தை எனக்கு விளங்கல. ‘ஆனோ, ஆனோ’ன்னு அழுதாக. கொண்டாந்துருன்னு சொல்லுதாகன்னு எனக்காவே தோணிச்சு. அதான் மெட்ராஸ் வழியா கொண்டு போறேன்.”

எல்லோரும் ஏறிக் கதவு மூடியாயிற்று. விமானம் ஓடுதளத்தின் முனைக்குப் போய்த் திரும்பி நின்றது. உடனே கிளம்ப முடியவில்லை. எங்கிருந்தோ புகுந்த ஆட்டுமந்தை நடு ஓடுதளத்தில் நின்றுகொண்டிருந்தது; விரட்ட ஒரு ஜீப் போயிற்று. அந்த நாட்களில் அங்கே அது சகஜம். என்ஜின் மெதுவாக உறுமிக்கொண்டிருந்தது. வெயில் சன்னல்களில் அடித்தது.

என் முதுகுக்குப் பின்னால் யாரோ தட்டினார்கள்.

டொக். சற்றுப் பொறுத்து இன்னொரு முறை, டொக்.

வீட்டுக்கு வந்தவர் கதவைத் தட்டிவிட்டு, உள்ளே ஆள் நடமாட்டம் இருக்கிறதா என்று காத்திருந்து மறுபடி தட்டுவாரே, அந்தத் தட்டு. எதிரே அண்ணாச்சியின் முகத்தைப் பார்த்தேன். அவருக்கும் கேட்டிருந்தது. வாய் லேசாகத் திறந்திருந்தது.

எனக்குப் பயிற்சி கொடுத்த ஒரு மூத்த அம்மாள் உண்டு. அதிகம் பேசாதவர். ஒருமுறை ஒரு புதுப்பெண் கருகிய வாடையை முகர்ந்துவிட்டு “தீ” என்று காக்பிட்டுக்குச் சொல்லி, பறந்துகொண்டிருந்த விமானம் அலறியடித்துத் தரையிறங்கியது. பார்த்தால் காப்பிப் பாத்திரம் அடிப்பிடித்திருந்தது. அந்தப் பெண்ணை அவர் திட்டவில்லை. எங்கள் எல்லோரையும் உட்காரவைத்து, “உங்கள் மூக்குக்குத் தெரிந்தது வாடை. தீ என்பது நீங்கள் நினைத்துக்கொண்டது. விமானிக்கு முதலாவதை மட்டும் கொடுங்கள். நினைப்பதற்கு அவருக்குச் சம்பளம் கொடுக்கிறார்கள்” என்றார்.

விமானம் இன்னும் நின்றுகொண்டுதான் இருந்தது, ஆகவே அழைக்கத் தடையில்லை. இன்டர்காமை எடுத்தேன்.

“கேப்டன், முன் சரக்கு அறையிலிருந்து தட்டும் சத்தம் கேட்கிறது. இரண்டு முறை. இடைவெளி விட்டு.”

கேப்டன் விமானப்படையில் இருந்து வந்தவர், வடக்கத்திக்காரர். அங்கே என்ன இருக்கிறது என்று அவருக்கும் தெரியும். சிரிக்கவில்லை. “துணை விமானி பார்ப்பார்” என்றார். காக்பிட் கதவு திறக்கும் சத்தம் கேட்டது. துணை விமானி பெட்டியைக் கட்டியிருந்த பட்டைகளை ஒவ்வொன்றாக இழுத்துப் பார்ப்பது எனக்குத் தடுப்பின் வழியாகவே கேட்டது. “எல்லாம் இறுக்கமாக இருக்கிறது” என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் போனார். அவர் அங்கே நின்ற நேரம் முழுவதும் தட்டல் இல்லை.

“மறுபடி ஏதாவது கேட்டால் சொல்” என்றார் கேப்டன்.

ஆடுகள் விலகிவிட்டன என்று தகவல் வந்தது. விமானம் ஓடத் தொடங்கியது.

அந்த ஓட்டத்தில் நாம் என்ன செய்வோம்? கையைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு, ஆபத்து வந்தால் எந்தக் கதவு, யாரை முதலில் என்று மனத்துக்குள் ஓட்டிப் பார்ப்போம். நானும் அதைத்தான் செய்துகொண்டிருந்தேன். அப்போது பின்னால் ஏதோ அறுந்தது போல ‘பட்’ என்று ஒரு சத்தம். தொடர்ந்து மரம் இரும்பில் இழுபடும் நீண்ட ஒலி, என்னை நோக்கி வந்தது. அடுத்த கணம் என் முதுகில் ஒரு பெரிய அடி. இருக்கையோடு சேர்த்து முன்னால் தள்ளப்பட்டேன். பெல்ட்தான் பிடித்து நிறுத்தியது. தடுப்புப் பலகை என் தோள்பட்டை உயரத்தில் விரிந்து, வெள்ளையாக ஒரு கீறல் ஓடியது.

அண்ணாச்சி கத்தினார். “அரி! எம்மா, அவன் வெளிய வாரான்மா!”

இன்டர்காம் என் கையில் இருந்தது. எப்போது எடுத்தேன் என்று நினைவில்லை. சொன்னது மட்டும் நினைவிருக்கிறது.

“முன் சரக்கு அவிழ்ந்துவிட்டது. தடுப்பு உடைகிறது.”

பதிலுக்குப் பதிலாக என்ஜின் சத்தம் தலைகீழாக மாறியது. பிரேக் பிடித்தது. நான் பின்பக்கம் பார்த்து உட்கார்ந்திருந்ததால் முதுகு இருக்கையோடு அழுந்தியது. எதிரே பயணிகள் எல்லோரும் தொழுவது போல ஒன்றாகக் குனிந்தார்கள். பின்னால் அந்த இழுபடும் ஒலி மறுபடி கேட்டது, இம்முறை என்னைவிட்டு விலகி, காக்பிட்டை நோக்கி. வந்தவர் மனம் மாறித் திரும்பி நடப்பதுபோல. எங்கோ மோதியது. விமானம் நின்றது.

சன்னல் வழியே பார்த்தேன். கம்பிவேலி மிக அருகில் இருந்தது. அதில் சிக்கிக் கிடந்த ஒரு கிழிந்த துணி ஆடியது தெரிந்தது.

முதலில் எழுந்தவர் மூன்றாவது வரிசையில் இருந்த பருமனான ஒருவர். அண்ணாச்சி கத்தியதிலிருந்து அவருக்கு விஷயம் விளங்கிவிட்டது. “உள்ள பொணமா இருக்கு? பொணத்தை வச்சுக்கிட்டா எங்களை ஏத்துனீங்க? அது எந்திரிச்சு வருதாமே!” அந்த ஒரு வாக்கியம் போதுமாக இருந்தது. உள்ளே இருந்த அத்தனை பேரும் எழுந்தார்கள். எல்லோரும் பின்கதவை நோக்கி நெரித்தார்கள். பிரேக் சூடாகி ஒரு கருகிய வாடை வேறு உள்ளே வந்தது. பின்னால் இருந்த என் சக பணிப்பெண் கதவின் மேல் முதுகை வைத்து மறித்துக்கொண்டு, பயிற்சியில் சொன்னபடி ஆங்கிலத்தில் கத்தினாள். யாரும் கேட்கவில்லை.

வெளியே புரொப்பல்லர் இன்னும் சுற்றிக்கொண்டிருந்தது.

நான் இருக்கை மேல் ஏறி நின்று, எங்கள் ஊர்ப் பேச்சில் தொண்டை கிழியக் கத்தினேன். “எல்லாரும் உக்காருங்க! வெளிய விசிறி சுத்துது! இப்ப இறங்குனா வெட்டிப் போட்டுரும்! தீ இல்ல, பிரேக்கு வாடை! நான் சொல்லுதேன்லா, உக்காருங்க!”

விமானத்துக்குள் அந்தப் பேச்சை அவர்கள் எதிர்பார்த்திருக்க மாட்டார்கள். பாதிப்பேர் உட்கார்ந்தார்கள். மீதிப்பேர் நின்ற இடத்தில் நின்றார்கள். அது போதும்.

இதை நன்றாக மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். விமானத்தை நிறுத்துவது விமானியின் வேலை. நின்றபிறகு வருகிற முதல் நிமிடம் நம்முடையது. வெளியே போகச் சொல்வதா, உள்ளேயே வைத்திருப்பதா என்ற தீர்ப்பில் பயத்தைக் கலந்தால் ஆட்கள் சாவார்கள்.

புரொப்பல்லர்கள் நின்றன. கூடவே குளிர்காற்றும் நின்றது. உள்ளே அப்படி ஓர் அமைதியை நான் அதுவரை கேட்டதில்லை. இத்தனை பேர் மூச்சுவிடுவது தனித்தனியாகக் கேட்டது.

இன்டர்காம் ஒலித்தது. கேப்டன்.

“கதவைத் தட்டாதே. நாங்கள் வேலையாக இருக்கிறோம். பொறு.”

எனக்குப் புரியவில்லை. “எந்தக் கதவு, கேப்டன்?”

“காக்பிட் கதவு.”

“நான் தட்டவில்லை, கேப்டன். நான் என் இருக்கையில் இருக்கிறேன்.”

அப்போது இன்டர்காம் வழியாக எனக்கே அது கேட்டது. டொக். இடைவெளி. டொக்.

“வேறு யாராவது சரக்கு அறைக்குள் இருக்கிறார்களா?” என்று கேட்டார்.

“இந்தப் பக்கத்துக் கதவு பூட்டியிருக்கிறது. யாரும் போகவில்லை.”

“எங்கள் கதவு திறக்கவில்லை. அந்தப்பக்கம் ஏதோ முட்டுக்கொடுத்திருக்கிறது.” அவர் குரல் மாறவில்லை, ஆனால் வார்த்தைகளை ஒவ்வொன்றாக எடுத்துவைத்தார். “எங்களுக்கு மேலே அவசர வழி இருக்கிறது. எங்களைப் பற்றிக் கவலைப்படாதே. ஜீப் வருகிறது. அங்கே என்ன நிலைமை என்று மட்டும் பார்த்துச் சொல்.”

நான் கதவைத் திறக்கப் போனபோது அண்ணாச்சி என் பின்னால் வந்து நின்றார். உட்காரச் சொல்லியிருக்க வேண்டும். அவர் முகத்தைப் பார்த்தபின் சொல்ல முடியவில்லை. பின்னால் அத்தனை பேர் பார்த்துக்கொண்டிருக்க, உள்ளே தனியாகப் போக எனக்கும் தைரியம் வரவில்லை என்பதும் உண்மை.

சரக்கு அறையின் சிறு சன்னல் வழியே ஒரு துண்டு வெயில் விழுந்திருந்தது. அந்த வெளிச்சத்தில் பெட்டி தெரிந்தது. இடைவழியைக் குறுக்கே அடைத்து, தன் தலைப்பக்கத்தைக் காக்பிட் கதவில் சாய்த்துக்கொண்டு கிடந்தது. பட்டைகள் தரையில் பாம்புச்சட்டை போல் பரவிக் கிடந்தன. பயணிகளின் பெட்டிகள், பைகள் எல்லாம் வலைக்குள் ஒழுங்காக இருந்தன. இது ஒன்று மட்டும் எழுந்து நடந்திருந்தது.

நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, டொக்.

பெட்டி அசையவில்லை. எதுவும் அசையவில்லை. சத்தம் உள்ளேயிருந்து வந்தது.

காக்பிட் கதவுக்கு அந்தப்பக்கத்திலிருந்து கேப்டன் ஆங்கிலத்தில் உரக்கக் கேட்டார். “யார் அங்கே?”

“நான்தான்யா, பவுன்ராஜ்” என்றார் அண்ணாச்சி.

அவர் குனிந்து பெட்டியின் மேல் உள்ளங்கையை வைத்தார். வைத்த கையை எடுக்கவில்லை. “சூடா இருக்கும்மா” என்றார். “அன்னைக்கும் சூடாத்தான் இருந்தான். நான் அப்பமே சொன்னேன், எவனும் கேக்கல.” இடுப்பிலிருந்து சாவிக்கொத்தை உருவி, பெரிய சாவியை மூடியின் இடுக்கில் விட்டு நெம்பத் தொடங்கினார். “தொறந்துருவோம்மா. மூச்சு முட்டுதான்.”

நான் அவருடைய மணிக்கட்டைப் பிடித்தேன்.

நீங்கள் அந்த இடத்தில் இருந்தால் என்ன செய்வீர்கள் என்று யோசித்துப் பாருங்கள். மருந்து ஏற்றிய உடல் உயிர் பிழைக்காது என்று எனக்குத் தெரியும். மருந்து ஏற்றியதை அவர் பார்க்கவில்லை, நானும் பார்க்கவில்லை. காகிதம் சொல்கிறது. காதில் வேறு ஒன்று கேட்கிறது. திறந்தால், இத்தனை பேர் மூச்சு விடுகிற மூடிய அறையில், முந்தாநாள் இறந்த உடல். திறக்காவிட்டால், ஒருவேளை, ஒருவேளை என்று ஒரு குரல் எனக்குள்ளும் ஓடத்தான் செய்தது. அவன் செத்துவிட்டான் என்று நான் சொல்லியிருந்தால் அண்ணாச்சி என்னைத் தள்ளிவிட்டுத் திறந்திருப்பார். உயிரோடிருக்கிறான் என்று சொன்னால் நானே சாவியைப் பிடுங்கித் திறக்க வேண்டியிருக்கும். எனக்குத் தெரியாததை நான் இரண்டு பக்கமும் சொல்லவில்லை.

“அண்ணாச்சி, இங்கன வச்சுத் தொறக்க முடியாது. ஆள் வாராங்க. முதல்ல பெட்டிய வெளிய எறக்குவோம். அதுவரைக்கும் நீங்க அவர்ட்டப் பேசிக்கிட்டே இருங்க. உள்ள ஆள் இருந்தா உங்க சத்தம் கேட்டுத் தைரியமா இருப்பாரு.”

அவர் சாவியை விட்டார். தரையில் மண்டியிட்டு, பெட்டியோடு வாயைச் சேர்த்து வைத்துக்கொண்டு பேசினார்.

“ஏலே அரி. நான் இங்கனதாம்ல இருக்கேன். எங்கயும் போகல. ஒன் அம்மாட்டதாம்ல போறோம். பயப்படாத. பெல்ட்டு அறுந்துபோச்சு, வேற ஒண்ணும் இல்ல. பேசாம படுத்துக்கோ. நான் இருக்கேம்லா.”

தட்டல் நின்றது.

நாங்கள் இருவரும் காத்திருந்தோம். சன்னல் வெயிலில் தூசி சுற்றியது. ஒன்றும் இல்லை. அந்த நிசப்தம் தட்டலைவிடப் பயங்கரமாக இருந்தது. அண்ணாச்சி மெல்லத் தலையைத் திருப்பி என்னைப் பார்த்தார். அந்தக் கண்களை நான் இன்னும் மறக்கவில்லை.

“எம்மா, ஏன் நிறுத்திட்டான்? இப்பத்தான் செத்துட்டானோ?”

அவர் தோளைப் பிடித்துக்கொண்டேன். அவ்வளவுதான் முடிந்தது.

வெளியே ஜீப் வந்து நின்றது. சுமை ஏற்றும் ஆட்கள் சரக்கு அறையின் பெரிய வெளிக்கதவைத் திறந்ததும் கரிசல் காட்டு வெளிச்சம் மொத்தமும் உள்ளே கொட்டியது. பெட்டியைத் தூக்கி இறக்கி, இறக்கையின் நிழலில் வைத்தார்கள். காக்பிட் கதவு திறந்து கேப்டன் வெளியே வந்தார். சட்டை வியர்வையில் ஒட்டியிருந்தது. பயணிகளைப் பின்கதவு வழியாக வரிசையாக இறக்கி நிலையக் கட்டடத்துக்கு நடத்திச் சென்றாள் என் சக பணிப்பெண். போகிற வழியில் எல்லோரும் இறக்கையின் பக்கம் பார்க்காமலே நடந்தார்கள்.

அண்ணாச்சி பெட்டியின் பக்கத்தில் நின்று, திறந்தே ஆகவேண்டும் என்றார். நான் நடுவில் நின்று மொழிபெயர்த்தேன். கேப்டன் குனிந்து பெட்டியின் முத்திரையைப் பார்த்தார்.

“முத்திரை வைத்த பெட்டியைத் திறக்க எனக்கு அதிகாரம் இல்லை” என்றார். “ஆனால் இந்த மனிதருக்குச் சந்தேகம் இருக்கும்வரை இதை என் விமானத்தில் ஏற்ற மாட்டேன். சான்றிதழில் கையெழுத்துப் போட்ட மருத்துவரிடம் இவரே பேசட்டும். அந்த மருத்துவர் ஒரு நொடி தயங்கினாலும் சொல், இங்கேயே திறப்போம். பொறுப்பு என்னுடையது.”

மருத்துவமனைக்குப் போன் போட்டு, அந்த மருத்துவரைத் தேடிப்பிடித்து லைனில் கொண்டுவந்தேன். நடந்ததைச் சொல்லிவிட்டு, அண்ணாச்சியின் காதில் வைத்தேன். மருத்துவர் உரக்கப் பேசினார், எனக்கும் கேட்டது.

“அண்ணாச்சி, மருந்து ஏத்தினது நானேதான். என் கையாலதான் செஞ்சேன். ஒடம்புல இருந்த ரத்தம் பூரா எடுத்தாச்சு. இதயத்தை நானே கேட்டேன். சந்தேகமே வேண்டாம். எந்திரிக்கவே முடியாது.”

தயக்கம் இல்லை. ஒரு நொடிகூட இல்லை.

அண்ணாச்சி போனை என்னிடம் நீட்டினார். ஓடுதளத்தின் ஓரம்வரை நடந்து போய், அந்தக் கறுப்பு மண்ணில் வேட்டியோடு உட்கார்ந்தார். “அப்ப நெசமாவே போயிட்டானா” என்றார். பிறகு அழுதார். முந்தாநாளிலிருந்து அவர் அழவே இல்லை என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அவ்வளவு நேரமும் அவர் ஒரு பிணத்துக்குத் துணையாக வரவில்லை. தொட்டால் சூடாக இருந்த ஒருவனை எல்லோரும் சேர்ந்து பெட்டிக்குள் வைத்துவிட்டார்கள் என்று நம்பி, அவனைக் காவல் காத்துக்கொண்டு வந்திருந்தார். அந்த நம்பிக்கையை ஒரு போன் பேச்சு முடித்துவைத்தது. கேப்டன் அவர் பக்கத்தில் போய், வார்த்தை தெரியாமல், தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

விசாரணை நடந்தது. பட்டை அறுந்திருக்கவில்லை. அதை மாட்டும் தரை வளையத்தின் பூட்டு உள்ளுக்குள் தேய்ந்திருந்தது. கையால் இழுத்தால் பிடிக்கும், ஓட்டத்தின் அதிர்வில் விட்டுவிடும். விமானம் மூக்கைத் தூக்கி மேலே ஏறும் நேரத்தில் விட்டிருந்தால், பெட்டி தடுப்பை உடைத்துக்கொண்டு என்மேலும் முதல் வரிசைமேலும் வந்திருக்கும் என்றார்கள். தட்டலுக்கும் காரணம் சொன்னார் எங்கள் டெக்னீஷியன். காலியான மண்ணெண்ணெய் டின்னை வெயிலில் வைத்தால் சூட்டில் தகடு உப்பி ‘டொக்’ என்று சத்தம் போடுமே, அதுதான். உள்ளே துத்தநாகத் தகடு, இறுக மூடிய காற்று, கரிசல் காட்டு மத்தியான வெயில். பெரிய கதவு திறந்ததும் சூடு இறங்கிவிட்டது. ஆனால் தட்டல் நின்றது கதவு திறப்பதற்கு முன்பு. அதை நான் சொன்னேன். அவர் தோளைக் குலுக்கினார். இருந்தாலும் அவர் சொன்ன காரணம் நல்ல காரணம். நான் ஏற்றுக்கொண்டேன்.

ஓடுகிற விமானத்தை ஒரு பணிப்பெண்ணின் சொல்லை மட்டும் வைத்து எப்படி நிறுத்தினீர்கள் என்று கேப்டனைக் கேட்டார்கள். அவர் எழுதிக்கொடுத்ததை எனக்குப் படித்துக் காட்டினார். “அவர் முதல்முறை அழைத்தபோது கேட்டதை மட்டும் சொன்னார். நாங்கள் சரிபார்த்தோம் என்றதும் பேசாமலிருந்தார். அப்படிப்பட்டவர் ஓட்டத்தின் நடுவில் இரண்டாம் முறை அழைத்தால், நான் யோசிக்க ஒன்றும் இல்லை.” உங்களுக்கு நான் கொடுக்க நினைப்பது இந்த வரிகளைத்தான். உங்கள் முதல் சொல்லை நீங்கள் எப்படிச் சொன்னீர்கள் என்பதை வைத்துத்தான் இரண்டாவது சொல்லை நம்புவார்கள்.

மறுநாள் வேறொரு விமானம் வந்தது. அதே மத்தியானம், அதே வெயில்; முந்தைய நாளைவிடச் சூடு கூடுதல் என்றுதான் சொன்னார்கள். பெட்டியைக் காலையிலேயே நிலையத்துக்குக் கொண்டுவந்து, கேப்டன் தன் கண்முன்னால் கட்டவைத்தார். பயணிகளில் பாதிப்பேர் வரவில்லை. வேறு பணிப்பெண்ணை அனுப்பட்டுமா என்று கேட்டார்கள். நான் வேண்டாம் என்று சொல்லி, அதே தடுப்பில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்தேன். அண்ணாச்சி எதிரே உட்கார்ந்தார். முகத்தைச் சவரம் செய்திருந்தார். ஒரே இரவில் சிறுத்துப்போனவர் மாதிரி இருந்தார்.

விமானம் முனைக்குப் போய்த் திரும்பி நின்றது. உறுமியது. ஓடியது. மேலே எழும்பியது. கரிசல் காடு கீழே சாய்ந்து விலகியது. பின்னால் ஒரு சிறு சத்தம்கூட இல்லை.

அண்ணாச்சி பெல்ட் அனுமதித்த அளவுக்கு முன்னால் குனிந்து, என் தலைக்கு மேல் அந்தப் பலகையையே பார்த்துக்கொண்டிருந்தார். வெகுநேரம் கழித்து என்னிடம், குறை சொல்வது போல, தாழ்ந்த குரலில் சொன்னார்.

“எம்மா, இன்னைக்கு ஒண்ணுமே சொல்ல மாட்டேங்கானே.”

பெல்ட் விளக்கு அணைந்து நேரமாகிவிட்டது. நான் எழுந்து என் வேலையைப் பார்த்திருக்க வேண்டும். நானும் கேட்டுக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தேன்.